‘போதுமுங்க, திரும்பிக்கலாம்!’

விடிகாலையில் கோவையில் கிளம்பி, காட்டுக்குள் நடந்து, பொழுது சாயும் முன் வீடு திரும்பும் ஒருநாள் மலைநடை இப்போது ஒரு தொழில். வழிகாட்டிக்குக் காசு கொடுக்கிறோமே, அதற்கு நாம் வாங்குவது என்ன?

கையை மட்டும்தான் உயர்த்தினார். வாயைத் திறக்கவில்லை. பின்னால் வந்த ஏழு பேரும் எடுத்து வைத்த காலோடு நின்றோம்.

செம்புக்கரையிலிருந்து பெருமாள்முடிக்கு ஏறும் தடம். தை மாதம், காலை எட்டரை மணி. பனி இன்னும் புல்நுனியை விடவில்லை. முன்னால் போன வழிகாட்டி, இருபத்தைந்து வயதைத் தாண்டாத இருளர் இளைஞர், குனிந்து பார்த்தார். தடத்தின் நடுவில் யானை லத்தி. புறங்கையை அதன் பக்கத்தில் கொண்டுபோய் இரண்டு நொடி வைத்திருந்தார். பிறகு ஒரு குச்சியால் கிளறினார். மூங்கில் நார், அரைபட்ட புல், நடுவில் சுருண்டு கிடந்த ஒரு நீலநிறப் பாலித்தீன் கவர். அதைக் குச்சியால் தூக்கி எங்களுக்குக் காட்டிவிட்டு ஓரமாகப் போட்டார். காலடியிலிருந்து ஒரு பிடி மண்ணை அள்ளி விரலிடுக்கில் வழிய விட்டார். தூசி எங்களைக் கடந்து மேட்டுப்பக்கம் போனது. மேலே எது நின்றாலும் எங்கள் வாசனை எங்களுக்கு முன்பே அதனிடம் போய்ச் சேர்ந்திருக்கும்.

இருபதடி தள்ளி உண்ணிச்செடிப் புதர். ஒரு லாரியையே உள்ளே விட்டு மறைத்துவிடலாம், அப்படி மண்டிக் கிடந்தது. அந்தப் பக்கம் ஒரு கிளை முறிந்தது. ஒரே ஒரு தடவை.

“போதுமுங்க சார், திரும்பிக்கலாம்.”

“இன்னும் எவ்வளவு நேரம் இருக்கு மேலே?” என்று எங்களில் ஒருவர் கேட்டார். சரவணம்பட்டியில் மென்பொருள் வேலை. இரண்டு மாதமாகக் காத்திருந்து பதிவு செய்தவர்.

“முக்கால் மணி நேரமுங்க.”

“அப்புறம் என்னங்க? கொஞ்ச நேரம் நின்னு பார்த்துட்டுப் போலாமே. காசு கட்டியிருக்கோமில்ல?”

வழிகாட்டி பதில் சொல்லவில்லை. எங்களைச் சுற்றிக்கொண்டு வரிசையின் கடைசிக்கு வந்து, அதையே முதலாக்கிக்கொண்டு இறங்க ஆரம்பித்துவிட்டார். பின்னாலேயே போனோம், வேறு என்ன செய்ய?

‘காசு கட்டியிருக்கோமில்ல’ என்ற அந்த ஒரு வார்த்தை கீழே வந்து சேரும்வரை என்னை விடவில்லை.

கட்டுச்சோற்றில் ஒரு பங்கு

மலை விஷயத்தில் கோயம்புத்தூர் கொடுத்துவைத்த ஊர். மேற்கே வெள்ளியங்கிரி, வடமேற்கே பாலமலை, வடக்கே நீலகிரிச் சரிவு, தெற்கே ஆனைமலை. காந்திபுரத்தில் வண்டி ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் ஏதாவது ஒரு காட்டு வாசலில் இறங்கிவிடலாம். கோவை வனக்கோட்டத்தின் ஏழு சரகங்கள் (போளுவாம்பட்டி, மதுக்கரை, கோவை, பெரியநாயக்கன்பாளையம், காரமடை, மேட்டுப்பாளையம், சிறுமுகை) ஊரின் மேற்கையும் வடக்கையும் வளைத்துக் கிடக்கின்றன. சென்னைக்காரர் மலை பார்க்க ஓர் இரவு பஸ்ஸில் தூங்க வேண்டும். கோவைக்காரர் மொட்டைமாடிக்குப் போனால் போதும்.

கொங்கு மக்களுக்கு மலை ஏறுவது புதிதுமில்லை. மாசி, பங்குனியில் வெள்ளியங்கிரி. புரட்டாசிச் சனிக்கிழமையில் பெருமாள்முடி. அதற்கிடையில் பாலமலை அரங்கநாதர். வீதிக்கு ஒரு பெரியவர் இருப்பார், முப்பது தடவை போய்வந்தவர். அவர் முன்னால் போவார், மற்றவர்கள் பின்னால். அவருக்குக் கூலி கிடையாது. கட்டுச்சோற்றில் ஒரு பங்கு, அவ்வளவுதான். அவர் “இன்னைக்கு வேண்டாம்” என்றால் யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள். அவரிடம் ரசீது கேட்டவரும் இல்லை.

இன்று அந்தப் பெரியவர் இருந்த இடத்தில் ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. வெள்ளிக்கிழமை மாலை ஒரு போஸ்டர் வரும்: அருவி, மூடுபனி, கூடாரம், ‘யாரும் போகாத பாதை’, காலை டிபனும் மதியச் சாப்பாடும் சேர்த்து இவ்வளவு, இடங்கள் குறைவு. கூகுள் பேயில் பணம் போட்டால் சனிக்கிழமை நள்ளிரவுக்கு மேல் ‘லொகேஷன்’ வரும்.

சில வருடங்களுக்கு முன் அப்படி ஒரு குழுவோடு நானும் போனேன். ஊரும் பேரும் வேண்டாம். ‘கைடு’ என்று வந்தவர் நகரத்துப் பையன். கையில் செல்போன், அதில் யாரோ நடந்த தடத்தின் வரைபடம். காட்டை விட அதைத்தான் அதிகம் பார்த்துக்கொண்டு நடந்தார். அனுமதிச் சீட்டைப் பற்றிக் கேட்டபோது “எல்லாம் பேசியாச்சு சார்” என்றார். யாரிடம் பேசினார் என்பது பதினொரு மணிக்குத் தெரிந்தது: யாரிடமும் இல்லை. வேட்டைத் தடுப்புக் காவலர்கள் இரண்டு பேர் எங்களை மடக்கி, வரிசையாக நிற்கவைத்து, பெயரும் முகவரியும் எழுதிக்கொண்டு, கீழே நடத்திக் கூட்டிவந்தார்கள். அபராதத்தைக் குழுவில் ஆளுக்குக் கொஞ்சம் என்று பிரித்துக்கொண்டோம். சாப்பாட்டுக்கென்று வாங்கிய பணத்தைக் கடைசிவரை திருப்பித் தரவில்லை. அதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தோம். சிரித்திருக்கக் கூடாது என்பது பிறகுதான் உறைத்தது.

சீட்டு ஒரு பாதைக்கு, நடை வேறு பாதைக்கு

2018 மார்ச் 11. தேனி மாவட்டம் குரங்கணி. ஒரு குழு சென்னையிலிருந்து வந்தது, மகளிர் தினத்தை ஒட்டிய நடை, பெரும்பாலும் இளம்பெண்கள். இன்னொரு குழு ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்திலிருந்து வந்தது. நம் ஊர் ஆட்கள். கொழுக்குமலையிலிருந்து இறங்கி வரும்போது கீழிருந்து தீ ஏறியது. காய்ந்த போதைப்புல், செங்குத்துச் சரிவு, சுழன்றடித்த காற்று. ஓடியவர்கள் பள்ளத்தில் விழுந்தார்கள். சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்து ஹெலிகாப்டர்கள் போயின. அன்றும் அதற்குப் பிந்திய நாள்களில் மருத்துவமனைகளிலுமாக இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள்.

குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷன் போகும் பாதைக்கு நுழைவுச் சீட்டு வாங்கிவிட்டுக் கொழுக்குமலைக்குப் போனார்கள் என்று வனத்துறை தரப்பில் சொல்லப்பட்டது. அதைப் பார்த்துத் தடுத்திருக்க வேண்டியவர்கள் யார் என்ற கேள்வியும் கூடவே எழுந்தது. ஐ.ஏ.எஸ். அதிகாரி அதுல்ய மிஸ்ரா தலைமையில் விசாரணை நடந்தது. அந்த ஆண்டே வனப்பகுதி மலையேற்றத்துக்குத் தனி விதிகளை அரசு கொண்டுவந்தது, அனுமதி கட்டாயமானது.

விதி வந்ததால் ஆசை போய்விடுமா? சட்டப்படியான பாதைகள் வெகுகாலம் மூடிக் கிடந்தன. திருட்டுப் பாதைகள் திறந்தே கிடந்தன.

2020 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பெரியநாயக்கன்பாளையம் சரகம், பாலமலைப் பகுதி. கோவையிலிருந்து நண்பர்களும் தம்பதியருமாக ஒன்பது பேர் கொண்ட குழு. வனத்துறை அனுமதி இல்லை. எதிரே ஒற்றை யானை வந்தது. ஆளுக்கொரு திசையில் ஓடினார்கள். நாற்பது வயதுப் பெண் ஒருவரால் ஓட முடியவில்லை. கணவரும் அந்தக் குழுவில் இருந்தார். பாலமலை அடிவாரத்திலிருந்து பார்த்தால் துடியலூர் அடுக்குமாடிகளின் விளக்குகள் தெரியும்; அவ்வளவு பக்கம்.

2025 பிப்ரவரியில் வால்பாறைச் சாலையில் பைக்கில் வந்த ஜெர்மானிய முதியவரை யானை தாக்கியதில் அவர் இறந்தார். மற்ற வண்டிகள் ஒதுங்கி நின்றன. அவர் மட்டும் கடந்து போய்விடப் பார்த்தார். அது நடைப்பயணம் இல்லைதான். நில் என்று சொல்ல ஆட்கள் இருந்தும் நிற்காமல் போனதுதான் அங்கேயும் நடந்தது.

யானை நம்மைவிட வேகமாக ஓடும் என்பது எல்லாருக்கும் தெரிந்த செய்தி. உண்ணிச்செடிக்குப் பின்னால் பத்தடியில் நிற்கும் யானை சத்தமே போடாது என்பது பலருக்குத் தெரியாது. தோட்டத்து அழகுக்கென்று வெளிநாட்டிலிருந்து வந்த அந்தச் செடி காட்டுக்குள் சுவராக வளர்ந்து யானைக்கான புல்லைக் கொன்றுவிட்டது. புல் இல்லாத யானை வாழைத் தோட்டத்துக்கு வருகிறது, மருதமலை அடிவாரத்துக் குப்பைமேட்டுக்கு வருகிறது. அங்கே தின்றது லத்தியில் கவராக வெளியே வருகிறது. பெருமாள்முடித் தடத்தில் நாங்கள் பார்த்த நீலக் கவர் எந்தக் கடையில் யார் வாங்கியதோ, நம்மில் ஒருவர் வாங்கியதுதான்.

═══════════════
பெட்டிச் செய்தி 1: ‘ட்ரெக் தமிழ்நாடு’

தொடக்கம்: 2024 அக்டோபர். துணை முதல்வர் உதயநிதி ஸ்டாலின் தொடங்கி வைத்தார்.

பாதைகள்: 14 மாவட்டங்களில் 40. எளிது, மிதமானது, கடினம் என மூன்று வகை. பதிவு இணையதளம் வழியாக மட்டும்.

கோவை மாவட்டத்தில்: வெள்ளியங்கிரி, செம்புக்கரை–பெருமாள்முடி, சாடிவயல்–சிறுவாணி, பரளிக்காடு, ஆழியாறு கால்வாய்க் கரை, டாப்சிலிப்–பண்டாரவரை, மானாம்பள்ளி.

பக்கத்தில்: திருப்பூர் மாவட்டத்தில் சின்னாறு சோதனைச் சாவடி–கூட்டாறு. நீலகிரியில் லாங்வுட் சோலை, கெய்ர்ன் ஹில், நீடில் ராக், கரிக்கையூர் பாறை ஓவியப் பாதை எனப் பல. நீலகிரிக்கு உங்கள் வண்டியில் போவதென்றால் இ-பாஸும் வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நடைமுறையில் இருக்கிறது.

வழிகாட்டிகள்: பழங்குடியினரும் காட்டை ஒட்டிய கிராமத்து இளைஞர்களுமாக 300க்கும் மேற்பட்டோர், பயிற்சி பெற்றவர்கள்.

மூடும் காலம்: காட்டுத்தீப் பருவம், பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை. கனமழை எச்சரிக்கை வந்தாலும் நடை ரத்தாகும்.
═══════════════

பணம் எங்கே போகிறது?

‘ட்ரெக் தமிழ்நாடு’ என்ற இந்த அரசுத் திட்டத்தில் எனக்குக் குறைகள் உண்டு, பின்னால் சொல்கிறேன். முதலில் பாராட்ட வேண்டியதைப் பாராட்டிவிடுவோம்.

முதல் மூன்று மாதத்துக்கு அரசு சொன்ன கணக்கு இது: ஏறத்தாழ 4,800 பேர் நடந்தார்கள், 63 லட்சம் ரூபாய் வந்தது, அதில் 49 லட்சத்துக்கு மேல் வழிகாட்டிகளுக்குப் போனது. அதாவது ஒருவர் சராசரியாக 1,300 ரூபாய் கட்டினார் என்றால் அதில் ஆயிரம் மலைக் கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. வாட்ஸ்அப் போஸ்டர் வியாபாரத்தில் இந்தக் கணக்கு தலைகீழ். அங்கே காட்டை அறிந்தவருக்குக் கிடைப்பது ஒருநாள் கூலி, சில சமயம் அதுவும் இல்லாமல் ஒரு பிரியாணிப் பொட்டலம். அவரைக் கூட்டிப்போவதாக விளம்பரப்படுத்தியவருக்கு மீதி.

ஆனைமலையில் காடர், மலசர், மலைமலசர், முதுவர், புலையர், எரவாளர் என்று ஆறு பழங்குடியினர் வாழ்கிறார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் மரம் வெட்டவும் யானை பிடிக்கவும் வழி காட்டியவர்கள் இவர்கள்தான். வெட்டிய தேக்கை மலை உச்சியிலிருந்து சரித்துவிட்ட இடம் என்பதால் டாப்சிலிப் என்று பெயர் வந்தது. வெட்டித் தீர்த்த காட்டை மறுபடி வளர்த்த ஹியூகோ வுட் என்ற வன அதிகாரியின் கல்லறை அங்கேயே இருக்கிறது. 1933இல் இறந்தவர். ஊன்றுகோல் முனையால் மண்ணில் குழி போட்டு, சட்டைப்பையிலிருந்து தேக்கு விதையைப் போட்டுக்கொண்டே நடப்பாராம். கல்லறையைப் படம் பிடிக்காமல் யாரும் திரும்புவதில்லை. அவரோடு காடெல்லாம் நடந்த காடர், மலசர் எவர் பெயருக்கும் அங்கே கல் கிடையாது. தொப்பியும் அடையாள அட்டையுமாக அவர்களுடைய பேரன் பேத்திகள் இன்று வரிசையின் முன்னால் நடப்பதைப் பார்க்கும்போது, தாமதமாக வந்தாலும் வந்ததே என்று தோன்றுகிறது.

இதற்கு முன்னோடி நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. காரமடை சரகத்தில் பரளிக்காடு. பில்லூர் அணையின் தேங்கிய நீரில் பரிசல், மரத்தடியில் சாப்பாடு, அத்திக்கடவுப் பக்கம் பவானியில் குளியல். வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து நடத்தும் சூழல் சுற்றுலா. பரிசல் தள்ளுவது ஊர் ஆண்கள், சமைப்பது இருளர் பெண்கள். ராகிக்களி உருண்டையை இலையில் வைத்துவிட்டு, நீங்கள் அதைப் பிட்டுக் குழம்பில் தோய்த்து மென்று திணறுவதைப் பார்த்துச் சிரிப்பார்கள். “மெல்லக் கூடாதுங்க, முழுங்கோணும்!” நகரத்தார் அங்கே விருந்தாளிகள், வீட்டுக்காரர் யார் என்பதில் யாருக்கும் குழப்பம் இல்லை. மலைநடையில் அந்தத் தெளிவு இன்னும் வரவில்லை.

நட்சத்திரத்துக்குப் பயந்தால்…

பெருமாள்முடிக்குப் போகாமல் திரும்பிய அன்று, கீழே வந்து டீ குடித்தோம். அந்த இளைஞரிடம் விசில், முதலுதவிப் பை, டார்ச் எல்லாம் இருந்தன. எதையும் தொட வேண்டி வரவில்லை. முதல் வேலையாக யாருக்கோ போன் போட்டு, எந்த மேட்டில், எத்தனை மணிக்கு என்று சொன்னார். பிறகு என் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்:

“மேலே கூட்டிட்டுப் போகலைன்னு கூகுள்ல எதும் தப்பா எழுதிடாதீங்க சார்.”

எனக்கு டீ கசந்துவிட்டது.

எந்தப் பயணத்தில் அவர் வேலையை மிகச் சரியாகச் செய்தாரோ, அதற்காகத்தான் அவர் பயப்படுகிறார். ஏழு பேரை யானைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தாமல் திருப்பிக் கூட்டிவந்த மனிதர், ஒரு நட்சத்திரம் குறைந்துவிடுமோ என்று கவலைப்படுகிறார். ஓட்டலில் தோசை முறுகலாக இல்லை என்றால் இரண்டு நட்சத்திரம் போடுகிற பழக்கத்தை நாம் அப்படியே காட்டுக்கும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறோம். தோசை மாஸ்டர் பயந்தால் தோசை நன்றாக வரலாம். வழிகாட்டி பயந்தால் “சரி, இன்னும் கொஞ்சம் போய்ப் பார்க்கலாம்” என்பார்.

தனியார் ஏற்பாட்டில் இந்த ஆபத்து இன்னும் கூடுதல். அங்கே கைடு, முதலாளி, விளம்பரதாரர் மூவரும் ஒரே ஆள். உச்சியில் எடுக்கும் கூட்டுப் படம்தான் அடுத்த வாரப் போஸ்டர். படம் இல்லாமல் இறங்கினால் அடுத்த வாரம் ஆள் வராது. அப்படிப்பட்டவர் வாயிலிருந்து ‘போதும்’ எங்கே வரும்? எல்லாரையும் ஒரே தராசில் நிறுத்த மாட்டேன். வால்பாறையிலும் குன்னூரிலும் எஸ்டேட் நிர்வாகத்திடம் முறையாக அனுமதி வாங்கி, தேயிலைக் காட்டுத் தடங்களில் பறவை காட்டிக் கூட்டிப்போகிற நல்ல ஆட்கள் இருக்கிறார்கள். அது தனியார் நிலம், எஸ்டேட்காரர் உரிமை. காப்புக்காட்டுக்குள் ‘எனக்கு ரேஞ்சரைத் தெரியும்’ என்று அழைத்துப்போகிறவர் அந்தக் கணக்கில் சேர மாட்டார். 1882ஆம் ஆண்டுத் தமிழ்நாடு வனச் சட்டப்படி அத்துமீறல் அத்துமீறல்தான். சரணாலயமோ புலிகள் காப்பகமோ என்றால் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். வழக்கு கைடு மேல் மட்டும் வராது, கூட நடந்த உங்கள் மேலும் வரும்.

நேபாளத்தில் 2023 ஏப்ரல் முதல் வெளிநாட்டு நடைப்பயணிகள் உரிமம் பெற்ற வழிகாட்டி இல்லாமல் போகக்கூடாது என்று விதித்தார்கள். ஆள் காணாமல் போவதும் தேடுவதும் சலித்துப்போய் எடுத்த முடிவு. இங்கேயும் வழிகாட்டியைக் கட்டாயமாக்கிவிட்டோம். அவருடைய சொல்லை இன்னும் கட்டாயமாக்கவில்லை.

என் குறைகளைச் சொல்கிறேன் என்றேனே. ஒன்று, இதுதான். பதிவு செய்யும்போதே கொட்டை எழுத்தில் வரவேண்டும்: வழிகாட்டி எந்த இடத்தில் வேண்டுமானாலும் நடையை முடிக்கலாம், பணம் திரும்பாது, அவர் மேல் புகார் எடுக்கப்படாது. இரண்டு, மூடியிருக்கும் மாதங்களில் இந்த வழிகாட்டிகள் எதைச் சாப்பிடுவார்கள்? தீப் பருவத்தில் சிலருக்குத் தீத்தடுப்புக் காவல் வேலை கிடைக்கிறது, எல்லாருக்கும் இல்லை. நடந்தால்தான் கூலி என்றால், நடக்கக் கூடாத நாளில் நடக்கச் சொல்லித் தூண்டுவது போலத்தான். மூன்று, கட்டணம். ஆரம்பத்தில் வைத்த தொகையைப் பார்த்து முணுமுணுப்பு எழுந்து பிறகு குறைத்தார்கள். இன்னும் கூட, திருப்பூர் பனியன் கம்பெனித் தொழிலாளி ஒருவர் மனைவி, இரண்டு பிள்ளைகளோடு போவதென்றால் யோசிக்கத்தான் வேண்டும். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்காவது எளிய பாதைகளை இலவசமாகத் திறக்கலாம். ஆழியாறு கால்வாய்க் கரை அதற்கென்றே போட்டது போன்ற பாதை.

வழிகாட்டி இல்லாத மலை

வெள்ளியங்கிரியைப் பற்றிப் பேசாமல் இந்தக் கட்டுரை முடியாது. பிப்ரவரி முதல் மே வரை பூண்டி அடிவாரத்திலிருந்து பக்தர்கள் லட்சக்கணக்கில் ஏறுகிறார்கள். தென்கயிலை, ஏழு மலை, கையில் மூங்கில் தடி. வெள்ளை விநாயகர், பாம்பாட்டிச் சுனை, கைதட்டிச் சுனை, சீதைவனம் என்று தாண்டி ஏழாம் மலையில் சுயம்பு லிங்கம். அந்தப் பக்தர்களுக்கு முன்னால் நடக்கும் ஆள் என்று யாருமில்லை, கூட்டம்தான் வழிகாட்டி.

யானைப் பயம் அங்கே குறைவு. இருதயம்தான் ஏமாற்றுகிறது. 2024 மார்ச் கடைசியில் அடுத்தடுத்து மூன்று பேர் மலையிலேயே இறந்தார்கள். அந்தப் பருவத்தில் வேறு சிலரும் இறந்தார்கள். வனத்துறையும் அறநிலையத் துறையும் இருதய நோய், மூச்சுத்திணறல், சர்க்கரை உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று கேட்டுக்கொண்டன. கேட்டவர்கள் எத்தனை பேர்? வருடம் முழுவதும் நாற்காலியில் உட்கார்ந்திருந்துவிட்டு, ராத்திரி பத்து மணிக்கு வயிறு முட்டச் சாப்பிட்டு, விடிவதற்குள் உச்சியில் இருக்க வேண்டும் என்று முதல் மலையின் படிக்கட்டை மூச்சு வாங்க ஓடி ஏறுகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். “சாமி பார்த்துக்குவார்” என்கிறார்கள். பக்கத்தில் ஒரு வழிகாட்டி இருந்தால் மூன்றாம் மலையிலேயே உட்காரவைத்துத் திருப்பி அனுப்பியிருப்பார்.

அங்கே உருப்படியாக நடக்கும் ஒரு காரியம்: அடிவாரத்தில் தண்ணீர்ப் பாட்டிலுக்கு ஸ்டிக்கர் ஒட்டி 20 ரூபாய் முன்பணம் வாங்குகிறார்கள். காலிப் பாட்டிலைக் கொண்டுவந்தால் பணம் திரும்பக் கிடைக்கும். இருபது ரூபாய்க்காகப் பாட்டிலைப் பத்திரமாகக் கீழே கொண்டுவருகிற நாம், பணம் கட்டாத பிஸ்கட் கவரை ஐந்தாம் மலையில் போட்டுவிட்டு வருகிறோம்.

═══════════════
பெட்டிச் செய்தி 2: கிளம்பும் முன்

சீட்டில் எந்தப் பாதை எழுதியிருக்கிறது என்று நீங்களே படியுங்கள். குரங்கணியை நினைத்துக்கொள்ளுங்கள்.

‘பேசியாச்சு’ என்பவரிடம் அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். இல்லையென்றால் வீட்டிலேயே தூங்கலாம்.

சென்ட், பளீரென்ற சட்டை, ஸ்பீக்கர் மூன்றும் வேண்டாம். பச்சை, காக்கி, பழுப்பு போதும்.

மானாம்பள்ளிப் பக்கம் மழைக்காலத்தில் அட்டை மொய்க்கும். நீளமான காலுறை போடுங்கள். கையில் கொஞ்சம் உப்பு வைத்துக்கொள்ளுங்கள். கடித்த அட்டையைப் பிடித்து இழுக்காதீர்கள்.

வழிகாட்டியை முந்தக் கூடாது. ‘அர்ஜென்ட்’ என்றாலும் அவரிடம் சொல்லிவிட்டுத்தான் ஒதுங்க வேண்டும்.

யானை, சிறுத்தை, அருவி எதைப் பார்த்தாலும் இடத்தின் பெயரோடு இன்ஸ்டாகிராமில் போடாதீர்கள். அடுத்த ஞாயிறு அங்கே நாற்பது பைக் நிற்கும்.

வழிகாட்டிக்கும் ஒரு பொட்டலம் கட்டிக்கொண்டு போங்கள். ‘ஏய் தம்பி’ வேண்டாம். பெயரைக் கேட்டுக் கூப்பிடுங்கள்.
═══════════════

அன்று சாயங்காலம்

மாங்கரை சோதனைச் சாவடியைத் தாண்டி வரும்போது அந்த மென்பொருள் நண்பர் காரில் அமைதியாக வந்தார். தடாகம் வந்ததும்தான் பேசினார். “நிஜமாவே யானை இருந்திருக்குமாங்க? இல்லை, மேலே ஏற அவருக்குச் சோம்பலா?”

என்னிடம் பதில் இல்லை. புதருக்குப் பின்னால் எது நின்றது என்று எங்கள் ஏழு பேரில் யாரும் பார்க்கவில்லை. ஏழு பேரும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருந்தோம்.

வீட்டுக்கு வந்ததும் முதலில் கூகுளைத் திறந்து ஐந்து நட்சத்திரம் போட்டேன். ‘மேலே போகவில்லை, திருப்பிக் கூட்டிவந்தார்’ என்று ஒரே வரி எழுதினேன். நண்பரும் போட்டதாக மறுநாள் சொன்னார். எத்தனை என்று நான் கேட்கவில்லை.

பெருமாள்முடியை நான் இன்னும் பார்க்கவில்லை. பாதை ஏப்ரல் 15 வரை மூடியிருக்கும்.